பட்டாளத்து ஜீப்பில் ஒரு டிரைவிங் டெஸ்ட்

வளைகுடாவில் டிரைவிங் டெஸ்டில் முதல் தடவையே பாஸ் ஆனேன் என்று யாராவது சொன்னால், ஒன்று அவர் பொய் சொல்கிறார். இல்லையென்றால் அவரைச் சோதித்த போலீஸ்காரருக்கு அன்று காலையில்தான் ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. மற்றவர்கள் எல்லோரும் தோற்றவர்கள்தான். பார்க்கிங்கில் தோற்றவர்கள் உண்டு. உட்கார்ந்த விதம் பிடிக்கவில்லை என்று தோற்கடிக்கப்பட்டவர்களும் உண்டு. ஓர் ஊரின் மொத்தப் போலீஸ் படையையும் பின்னால் இழுத்துக்கொண்டு போய்த் தோற்றவள், எனக்குத் தெரிந்து, நான் ஒருத்திதான். அதிலும் நான் ஓட்டியது கார் இல்லை. பட்டாளத்து ஜீப்.

எழுபதுகளின் நடுவில் என் கணவருக்கு ராஸ் அல் கைமாவுக்கு அப்பால் ஒரு சிமெண்ட் ஆலையில் இன்ஜினீயர் வேலை. கோயம்புத்தூரில் கல்யாணமாகி, கைக்குழந்தையோடு நேராக அங்கே போய் இறங்கினேன். ஒரு பக்கம் மொட்டை மலை, இன்னொரு பக்கம் கடல், நடுவில் ஆலையின் புகைபோக்கி. எங்கள் குவார்ட்டர்ஸில் ஏழெட்டு வீடுகள். காய்கறி வேண்டுமென்றால் வியாழக்கிழமை வரும் வேனுக்குக் காத்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரி வேண்டுமென்றால் கம்பெனிக் காருக்குக் காத்திருக்க வேண்டும்.

என் மகள் ரேவதிக்கு மூன்று வயதாக இருந்தபோது ஒரு மத்தியானம் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்தது. அவர் சைட்டில் இருந்தார். கம்பெனிக் கார் யாரையோ அழைத்துவர துபாய் போயிருந்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு செருப்புகூடப் போடாமல் ரோட்டுக்கு ஓடினேன். அந்த வெயிலில் ரோட்டில் ஒரு வண்டி இல்லை. கடைசியில் ஒரு தண்ணீர் லாரி வந்து நின்றது. ஓட்டியவர் ஒரு பலூச்சிக்காரர். "பைட்டோ பஹன், பைட்டோ" என்று உட்காரச் சொல்லி ஏற்றிக்கொண்டு, தன் தலைத்துண்டைத் தண்ணீரில் நனைத்துக் குழந்தையின் தலையில் சுற்றினார். ஆஸ்பத்திரி வரை ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. ரேவதி பிழைத்துக்கொண்டாள். அந்த மனிதரின் பெயரைக்கூட நான் கேட்டுவைக்கவில்லை.

குழந்தை வீட்டுக்கு வந்த அன்றே கணவரிடம் சொன்னேன். "ஏனுங்க, நான் கார் ஓட்டப் பழகப் போறேனுங்க."

அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "நீ சைக்கிள்கூட ஓட்டுனதில்லையே வசந்தா."

"சைக்கிளுக்கு ரெண்டு சக்கரம்தானுங்க. விழுந்துருவோம்னு பயம். காருக்குத்தான் நாலு இருக்குதே."

இந்த வாதத்துக்கு இன்ஜினீயரிங் கல்லூரியில் அவருக்குப் பதில் சொல்லித்தரவில்லை. மோர் ஊற்றிக்கொண்டார். நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

கற்றுக்கொடுத்தவர் கம்பெனி டிரைவர் கோயா. மலப்புறத்துக்காரர், பொறுமைசாலி. (என்னிடம் வருவதற்கு முன்பு இன்னும் பொறுமைசாலியாக இருந்தாராம்.) சாயங்காலம் கார் சும்மா நிற்கும் நேரத்தில் ஆலைக்குப் பின்னாலிருந்த உப்பு நிலத்தில் பழக்குவார். நாலு காலி டிரம்மை நிறுத்தி, இடையில் வளைந்து வளைந்து போகச் சொல்வார். நான் எல்லா டிரம்மையும் ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

"சேச்சி, பதுக்கெ... கிளட்ச் பதுக்கெ விடு..." என்று மெதுவாக விடச் சொல்லிக் கெஞ்சுவார்.

ஷிப்ட் முடிந்த நம் ஊர்ப் பையன்கள் மதில்மேல் வரிசையாக உட்கார்ந்து பார்ப்பார்கள். அந்தத் தொழிலாளர் கேம்ப்பில் அவர்களுக்கு வேறு பொழுதுபோக்கு கிடையாது. புதுக்கோட்டைப் பக்கத்து முருகேசன் ஒருநாள் இறங்கி வந்து மரியாதையாகச் சொன்னான்: "அக்கா, டிரம்மு எங்கயும் ஓடிப்போயிராதுக்கா. நீங்கதான் அதத் தேடித் தேடிப் போறீங்க."

அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் விடவில்லை. ரமலான் போய், குளிர்காலம் வந்தபோது டிரம்களைத் தொடாமல் போய்வரத் தெரிந்துகொண்டேன். டெஸ்டுக்குப் பெயர் கொடுத்தாயிற்று.

இங்கே ஆலைக்குப் பக்கத்து ஊர்ப் போலீஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். (ஊர்ப் பெயரைச் சொல்லமாட்டேன். என்னை நினைவிருப்பவர்கள் இன்னும் யாராவது இருக்கலாம்.) சின்ன ஊர். ஒரு மீன் சந்தை, ஒரு பள்ளிவாசல், நாலு கடை. போலீஸ் நிலையத்துக்கு அதுவரை இருந்தது ஒரே ஒரு வெள்ளைக் கார். விரட்டவும் அதுதான், டெஸ்ட் வைக்கவும் அதுதான். விரட்டுவதற்குத் திருடன் இல்லாததால் பெரும்பாலும் டெஸ்டுக்குத்தான் பயன்பட்டது.

ஆங்கிலேயர்களின் படை அந்தப் பக்கத்திலிருந்து கிளம்பிப் போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. அவர்கள் விட்டுப்போன பழைய வண்டிகள் கை மாறிக் கை மாறி, புது வண்டிகள் வர வர, கடைசியில் இந்த மாதிரிச் சின்ன ஊர்ப் போலீஸ் நிலையங்களுக்கு வந்து சேர்ந்தன. எங்கள் ஊருக்கு வந்தவை இரண்டு ஜீப்பும் ஒரு பெரிய லாரியும். மூன்றும் மண் நிறம். மலையையே பிடித்துவந்து சக்கரம் மாட்டியது போல இருக்கும். புதிதாக வந்திருந்த இளம் கேப்டனுக்குத் தலைகால் புரியவில்லை. மூன்றுக்கும் சீக்கிரம் போலீஸ் வெள்ளை அடிக்க வேண்டும் என்று மேலிடத்தில் பெயிண்ட் கேட்டிருந்தார். அது வருவதற்குள் ஒரு ஜீப்புக்கு சைரன் மாட்டிவிட்டார். சைரன் கேட்டால் மற்ற இரண்டு வண்டிகளும் உடனே ஆட்களை ஏற்றிக்கொண்டு அதன் பின்னால் கிளம்ப வேண்டும் என்று பயிற்சியும் கொடுத்திருந்தார். படை தயாராக இருந்தது. ஊரில்தான் எதுவும் நடக்கவில்லை.

என் டெஸ்ட் நாளன்று கோயாதான் அழைத்துப்போனார். என் கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. (கேட்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.) நிலையத்தில் எனக்கு முன்னால் ஒரு எகிப்து வாத்தியார். வெள்ளைக் காரைப் பின்னால் எடுக்கச் சொன்னபோது அவர் முன்னால் எடுத்து நிலையத்தின் மதிலில் மோதிவிட்டார். ரேடியேட்டர் உடைந்து, கார் கொதிநீரை அழுதுகொண்டு நின்றது.

டெஸ்ட் வைப்பவர் சார்ஜெண்ட் ஸாலிம். பருத்த மனிதர், நல்ல மனிதர், அடிக்கடி பெருமூச்சு விடுபவர். வரிசையில் நின்ற எங்களைப் பார்த்து, "கார் மாஃபி. டெஸ்ட் மாஃபி. அடுத்த மாதம் வாருங்கள்" என்றார். மாஃபி என்றால் இல்லை.

மற்றவர்கள் கலைந்து போனார்கள். நான் நகரவில்லை. அடுத்த மாதம் என்றால் இன்னொரு மாதம் ரோட்டில் குழந்தையோடு நிற்கும் பயம். மரத்தடியில் நின்ற ஜீப்பைக் காட்டி, "கோயா, அந்த வண்டியில டெஸ்ட் வெக்க முடியுமான்னு கேளுங்க" என்றேன்.

கோயா என்னை ஒருமுறையும் ஜீப்பை ஒருமுறையும் பார்த்தார். "சேச்சி, அது பட்டாளம் வண்டி. ஸ்டியரிங் வலப்பக்கம். நீங்க பழகினது இடப்பக்கம்."

"நம்ம ஊர்லயும் வலப்பக்கந்தானே."

"ஊர்ல நீங்க ஓட்டியிட்டில்லல்லோ."

"பஸ்ல போயிருக்கேன். கேளுங்க."

கேட்டார். ஸாலிம் முடியாது என்று கையை ஆட்டினார். அதற்குள் சத்தம் கேட்டுக் கேப்டன் வெளியே வந்தார். அவருடைய புது வண்டியை ஒரு புடவை கட்டிய பெண் ஓட்டக் கேட்கிறாள் என்றதும் அவருக்கு என்ன தோன்றியதோ, சிரித்துக்கொண்டே, "யல்லா" என்றார். ஆகட்டும், கிளம்பு என்று பொருள். அந்த ஒரு சொல்லால் வந்த வினைதான் எல்லாம்.

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கோயா பிடித்துக்கொள்ள, ஒருவழியாக மேலே ஏறினேன். உட்கார்ந்தால் கிளட்ச் எட்டவில்லை. கோயா காரிலிருந்த குஷனைக் கொண்டுவந்து முதுகுக்கு வைத்தார். ஸாலிம் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து பிரேக்கைக் காட்டி அரபியில் ஏதோ சொன்னார். மூன்று விரலையும் காட்டினார். பிரேக்கை மூன்று தடவை மிதித்தால்தான் பிடிக்கும் என்று அதற்குப் பொருள். மூன்று கியர் என்று சொல்கிறார் என்று நினைத்துத் தலையாட்டினேன்.

கோயா கீழேயிருந்து கடைசியாக ஒரு புத்திமதி சொன்னார். "சேச்சி, போலீஸ் நிறுத்தச் சொல்ற வரைக்கும் நிறுத்தாதீங்க. நடுவில நின்னா ஃபெயில்." இதைவிடக் கேடான புத்திமதியை எனக்கு யாரும் சொன்னதில்லை.

முதல் கொஞ்ச தூரம் நன்றாகத்தான் போனது. கியர் மாற்றும்போது மலை இடிவது போலச் சத்தம் வந்தது. ஆனால் வண்டி போனது. "சீதா" என்றார் ஸாலிம். நேராகப் போ என்பதற்கு இந்திக்காரர்கள் போலவே அரபிக்காரர்களும் அதைத்தான் சொல்வார்கள். எனக்குப் புரிந்த ஒரே கட்டளை. மீன் சந்தை திருப்பத்தில் நாலைந்து ஆடுகள் ரோட்டில் நின்றன. "ஹாரன், ஹாரன்" என்றார்.

எனக்கெதிரே டாஷ்போர்டில் நாலு கறுப்புக் குமிழ்கள், எல்லாம் ஒன்றுபோல. அவர் காட்டியதை அழுத்தினேன். கேப்டன் சைரன் மாட்டச் சொன்னபோது, ஊரில் ரேடியோ ரிப்பேர் செய்தவர், வேலை செய்யாத ஹாரனின் குமிழிலேயே அதை இணைத்துவிட்டிருந்தார். ஸாலிமுக்கு அது மறந்துபோயிருந்தது.

முதலில் ஒரு முனகல் கேட்டது. ஆடுகள் திரும்பிப் பார்த்தன. பிறகு அந்த முனகல் ஏறி, ஏறி, வானம் கிழிகிற மாதிரி ஆனது. ஆடுகள் இருந்த இடம் தெரியவில்லை. அழுத்திய குமிழ் உள்ளே போய் மாட்டிக்கொண்டது. பிடித்து இழுத்தேன். கையோடு வந்துவிட்டது. என்ன செய்வது என்று தெரியாமல் அதை ஸாலிமிடம் கொடுத்தேன். அவரும் வாங்கிக்கொண்டார்.

இனி எங்களுக்குள் பேச்சு சாத்தியமில்லை. அவர் வாய் அசைவது தெரிந்தது, சொல் கேட்கவில்லை. உள்ளங்கையை விரித்து முன்கண்ணாடியை நோக்கித் தள்ளித் தள்ளிக் காட்டினார். நிறுத்து என்கிறார் என்று உலகத்தில் யாருக்கும் புரிந்திருக்கும். 'சீதா, சீதா, இன்னும் வேகமாக' என்று எனக்குப் புரிந்தது. மூன்றாவது கியருக்கு மாற்றினேன்.

கண்ணாடியில் பார்த்தேன். பின்னால் இன்னொரு ஜீப். அதற்குப் பின்னால் லாரி, அதில் நிற்க இடமில்லாமல் போலீஸ்காரர்கள். எல்லாருக்கும் பின்னால் கோயாவின் கம்பெனிக் கார். மாதக்கணக்கில் காத்திருந்த படைக்கு அன்றுதான் வேலை வந்திருந்தது. ஸாலிம் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டித் திரும்பிப் போகச் சொல்லிக் கையை வீசினார். அவர்கள் அதைச் சீக்கிரம் வரச் சொல்வதாக எடுத்துக்கொண்டார்கள். (அன்று அவர் கையசைவை நான் மட்டும்தான் தப்பாகப் புரிந்துகொண்டேன் என்று யாரும் சொல்ல முடியாது.) டெஸ்ட் இவ்வளவு கடுமையாக இருக்கும் என்று கோயா சொல்லவில்லையே என்று நினைத்தேன். பின்னால் லாரி ஒட்டிக்கொண்டு வருகிறது, நின்றால் இடித்துவிடுவான், நின்றால் ஃபெயில் வேறு. பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்தேன்.

எதிரே வந்த டாக்ஸிகள் மணலில் இறங்கி வழிவிட்டன. கழுதை வண்டிக்காரர் கழுதையைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். என் வாழ்நாளில் எனக்கு அவ்வளவு மரியாதை வேறெப்போதும் கிடைத்ததில்லை. கல்யாணத்தன்றுகூட.

அந்த ரோட்டில் நேராகப் போனால் ஒரே ஒரு இடத்துக்குத்தான் போக முடியும். சிமெண்ட் ஆலை. கேட்டில் இருந்த வாட்ச்மேன் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். பட்டாளத்து வண்டியும் சைரனும் வருவதைக் கண்டதும் கேட்டை முழுக்கத் திறந்து விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார். உள்ளே போய்விட்டேன்.

ஷிப்ட் மாறும் நேரம். போலீஸ் படை வருவதைப் பார்த்ததும் கேம்ப் ஆட்கள் சிதறி ஓடினார்கள். பேப்பர் சரியாக இருந்தவர்களும் ஓடினார்கள், இல்லாதவர்கள் அவர்களை முந்தி ஓடினார்கள். மெஸ் சமையற்காரர் கரண்டியோடு தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கியதாகப் பிறகு சொன்னார்கள். அந்தக் கூட்டத்தில் முருகேசன் மட்டும் நின்று, உற்றுப் பார்த்து, "ஓடாதீங்கடா, ஓட்டுறது நம்ம அக்காடா" என்று கத்தினானாம். அதைக் கேட்டபிறகு இன்னும் வேகமாக ஓடினார்களாம்.

ஆபீஸ் வாசலில் மேனேஜரும் என் கணவரும் வெளியே வந்தார்கள். அவர் தலையில் ஹெல்மெட், கையில் டீ. பட்டாளத்து ஜீப்பில் நான் ஓட்டிக்கொண்டு வருகிறேன், பக்கத்தில் ஒரு போலீஸ்காரர் வாயைத் திறந்து மூடுகிறார், பின்னால் ஒரு படை. அவர் டீயைக் கீழே போட்டார். பிறகு மெதுவாக இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கினார்.

அவரைப் பார்த்ததும் எனக்கு நிறுத்த வேண்டும் என்று தோன்றியது. பிரேக்கை மிதித்தேன், ஒரே ஒரு தடவை. ஒன்றும் நடக்கவில்லை. இடப்பக்கம் ஆபீஸ், அவர் நிற்கிறார். வலப்பக்கம் அரைத்துக் கொட்டிய சுண்ணாம்புக்கல் பொடி, இரண்டாள் உயரத்துக்குக் குவியல். கண்ணை மூடாமல் வலப்பக்கம் ஒடித்தேன். (கண்ணை மூடவில்லை என்பதை இன்றுவரை யாரும் நம்புவதில்லை.) ஜீப் பாதிக் குவியல் ஏறி, இருமி, நின்றது. மேலேயிருந்து மீதிக் குவியல் எங்கள்மேல் இறங்கியது. சைரனும் முனகி முனகி அடங்கியது.

வெளியே வந்தபோது ஸாலிம் தலைமுதல் கால்வரை வெள்ளை. மீசை வெள்ளை, இமை வெள்ளை. ஜீப்பும் வெள்ளை. கேப்டன் மேலிடத்தில் கேட்டு இன்னும் வராத வெள்ளையை நான் அடித்துக் கொடுத்துவிட்டேன்.

லாரியிலிருந்து இறங்கிவந்த கேப்டன் யாருக்கும் அடிபடவில்லை என்று பார்த்துக்கொண்டார். நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த அளவில் கேட்டேன். "பாஸ்?"

ஸாலிம் இருமிக்கொண்டே, "மாஃபி பாஸ்" என்றார். விரல்விட்டு எண்ணினார். "ஹாரன் மாஃபி. பிரேக் மாஃபி."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "கோயா, இவர்கிட்டச் சொல்லுங்க. ஹாரனும் பிரேக்கும் மாஃபி ஆனது இவங்க வண்டிக்கு. எனக்கு இல்ல."

கோயா மொழிபெயர்க்கத் தயங்கினார். நான் விடவில்லை. அவர் சொன்னதும் கேப்டன் திரும்பி நின்றுகொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். "அடுத்த வாரம் வரச் சொல்" என்றார்.

மேனேஜருக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு ஷிப்ட் நின்றுபோயிற்று, ஓடியவர்களில் சிலர் சாயங்காலம்தான் மலையிலிருந்து இறங்கினார்கள். என் கணவரை அறைக்குள் கூப்பிட்டு, வேலை வேண்டுமா வேண்டாமா என்று கேட்டுவிட்டார். வீட்டுக்கு வந்ததும் அவர் ஷூவைக்கூடக் கழற்றவில்லை.

"வசந்தா, போதும்மா. இதோட விட்டுரு. எம்பொழப்பே போயிரும் போலிருக்குது."

"விட்டுர்றேனுங்க. நாளைக்கு ரேவதிக்கு மறுபடியும் வலிப்பு வந்தா, எந்த ரோட்ல நிக்கட்டும்னு மட்டும் சொல்லீருங்க."

ரேவதி தரையில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் அவளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். வலிப்பு வந்த அந்த மத்தியானத்தைப் பற்றி நாங்கள் அதற்குமுன் பேசிக்கொண்டதே இல்லை. அடுத்த வாரம் மேனேஜரிடம் அவராகவே லீவு கேட்டு என்னோடு வந்தார்.

அடுத்த வாரம் நான் பாஸ் ஆகவில்லை. அதற்கடுத்த தடவையும் இல்லை. வெள்ளைக் கார் ஒர்க்ஷாப்பிலேயே கிடந்தது, அதே ஜீப்தான். சைரனைக் கழற்றியிருந்தார்கள். என் பெயரைக் கூப்பிட்டாலே ஸாலிமுக்குத் தொழுகை நேரம் வந்துவிடும். வேறு சார்ஜெண்டுகளுக்குப் பல்வலி வரும். கடைசியில் கேப்டனே பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். ஆரம்பம் முதல் முடிவு வரை கதவுக் கைப்பிடியை விடவில்லை. பிரேக்கை மூன்று தடவை மிதித்து, நிலையத்தின் வாசலில், மதிலைத் தொடாமல் நிறுத்தினேன்.

"கலாஸ்" என்றார்.

முடிந்தது என்றால் எது முடிந்தது என்று எனக்குப் புரியவில்லை. நான் முடிந்தேனா, டெஸ்ட் முடிந்ததா? கோயாவைப் பார்த்தேன். அந்தப் பொறுமைசாலி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். "சேச்சி, பாஸ்" என்றார்.

அதன்பிறகு அங்கே இருந்த வருடங்களில் கம்பெனி எங்களுக்கென்று ஒரு பழைய கார் கொடுத்தது. ரேவதிக்கு மறுபடி வலிப்பு வரவில்லை. ஆனால் பக்கத்து வீட்டுப் பிரசவத்துக்கு நான் ஓட்டியிருக்கிறேன். கல்லுடைக்கும் இடத்தில் கை நசுங்கிய முருகேசனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் நான்தான். வலியில் முனகிக்கொண்டே, "மெதுவாவே போங்கக்கா, ஒண்ணும் அவசரமில்ல" என்று கடைசிவரை சொல்லிக்கொண்டு வந்தான்.

இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறோம். எனக்கு எழுபது தாண்டிவிட்டது, இன்னும் நான்தான் ஓட்டுகிறேன். நான் சாவியைக் கையில் எடுத்ததும் வீட்டில் ஒரு சடங்கு நடக்கும். என் கணவர் நாற்காலியிலிருந்து எழுந்து இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்குவார். ரேவதி வந்திருந்தால் அவளும் தூக்குவாள். மாப்பிள்ளை கல்யாணமான வாரமே கற்றுக்கொண்டார். பேரன், என்ன காரணம் என்று தெரியாத வயதிலேயே தூக்க ஆரம்பித்துவிட்டான்.

நேற்றும் அப்படித்தான். அவருக்குக் கண் டாக்டரிடம் போக வேண்டும். போர்ட்டிகோவில் கைகளைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

"நேரமாச்சுங்க. கையை எறக்கீட்டு வந்து ஏறுங்க" என்றேன்.

ஒரு கையை மட்டும் இறக்கிக் கதவைத் திறந்தார்.